தபால்காரரும் ஊரும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், வெளியூர்ச் செய்தி பெரும்பாலும் தபால்காரரின் கை வழியாகவே வீடு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் கடிதம் என்பது எழுதியவருக்கும் பெறுபவருக்கும் இடையில் மட்டும் நடந்த காரியமன்று. எழுதிக் கொடுத்தவர், கொண்டுவந்தவர், படித்துச் சொன்னவர், கூட நின்று கேட்டவர் என்று பலர் அதில் பங்கு பெற்றனர். இடையில் நின்ற அந்த மனிதர்கள் விலகியதே கிராமத் தபாலின் பிற்கால வரலாறு.

சென்னையில் பொது அஞ்சலகம் 1786-இல் திறக்கப்பட்டது. சாதாரண மக்களுக்குத் தபால் எட்டியது 1854-க்குப் பிறகுதான். கடிதம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பாராமல் எடைக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையும், நாடு முழுவதும் செல்லும் தபால் தலையும் அந்த ஆண்டில் வந்தன. குறைந்த கட்டணம் அரை அணா. 1879-இல் காலணா விலையில் கார்டு அறிமுகமானது. மணியார்டர் 1880-இல் தபால் நிலையங்களுக்கு வந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால், அங்கே சமஸ்தானத்தின் சொந்த அஞ்சல் துறையும் இயங்கியது. மணி கட்டிய கோலுடன் ஓடி வரும் அஞ்சலோட்டக்காரர் அப்பகுதியில் எல்லோரும் அறிந்த மனிதர். அத்துறை 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

சுதந்திரத்தின்போது நாட்டில் 23,344 தபால் நிலையங்கள் இருந்தன. இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவை கிராமங்களில் உள்ளன. சிற்றூர்க் கிளைத் தபால் நிலையத்தைப் பல இடங்களில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரோ மளிகைக் கடைக்காரரோதான் பகுதி நேரமாகக் கவனித்தார். கடைத் திண்ணையும் வீட்டு முன்கூடமும் தபால் நிலையமாயின. பை வரும் நேரத்துக்கு அங்கே ஆட்கள் கூடினர். கடிதம் இல்லாதவர்களும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயினர்.

1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 18.33 விழுக்காடு. எனவே கடிதம் வந்த வீட்டில் அதைப் படிக்க ஆள் இருப்பது அரிது. தபால்காரரே வாசலில் நின்று படித்துக் காட்டினார். பதிலையும் எழுதிக் கொடுத்தார். மேலே பிள்ளையார் சுழி, அடுத்து நலம் விசாரிப்பு, பிறகு மாடு, மழை, கடன், பிள்ளைப்பேறு என்று சொல்லச் சொல்ல எழுதினார். நல்ல செய்திக் கடிதத்தின் ஓரங்களில் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தி சொல்லும் கார்டில் கறுப்பு மை தடவியிருக்கும். அதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைப்பதில்லை. மற்ற கடிதங்கள் உத்தரத்தில் தொங்கும் வளைந்த கம்பியில் வரிசையாகக் குத்தி வைக்கப்பட்டன. தந்தி வந்தாலோ பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும்; சத்தம் கேட்டு அண்டை வீட்டார் ஓடி வருவர்.

மணியார்டர் இந்த உறவை இன்னும் இறுக்கியது. பட்டாளத்திலும் பட்டணத்திலும் வேலை பார்த்தவர்கள் மாதாமாதம் பணம் அனுப்பினர். படிவத்தின் அடித்துண்டில் இரண்டொரு வரி செய்தியும் இருக்கும். பெறுபவர் பெருவிரல் ரேகை வைக்க, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகையும் நீண்ட காலம் மணியார்டராகவே வந்தது. தனியே வாழ்ந்த மூதாட்டிக்கு, மாதம் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசலில் நிற்கும் அந்த மனிதர் ஒரு துணை. மூதாட்டி உடம்பு முடியாமல் கிடந்தால், அந்தச் செய்தியை ஊருக்குச் சொல்பவரும் தபால்காரராகவே இருந்தார்.

இந்த ஏற்பாட்டில் குறைகளும் உண்டு. அடுத்தவர் வாயால் படிக்கப்படும் கடிதத்தில் அந்தரங்கத்துக்கு இடமில்லை. புகுந்த வீட்டில் துன்பப்பட்ட பெண் தன் தாய்க்கு உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்ல முடியவில்லை. பணம் கொடுக்கும்போது சில்லறை எதிர்பார்த்த தபால்காரர்களும் இருந்தனர். 1950-இல் வந்த இன்லேண்ட் லெட்டர் ஒட்டி மூடக்கூடியது என்பதால் ஓரளவு மறைவு கிடைத்தது. பள்ளிப் படிப்பு பரவியதும் வீட்டுப் பிள்ளைகளே படித்துச் சொன்னார்கள். தபால்காரர் வாசலில் நிற்கும் நேரம் குறைந்தது.

அடுத்த மாற்றத்தைத் தொலைபேசி கொண்டுவந்தது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து எஸ்.டி.டி. பூத்துகள் ஊர் ஊராகத் திறக்கப்பட்டன. அங்கேயும் கொஞ்சம் கூட்டம் இருந்தது. அழைப்பு வந்தால் பூத்துக்காரர் ஆள் அனுப்பி உரியவரை வரவழைத்தார். நாட்டின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே பேசப்பட்டது. கைபேசி மலிவானதும் பூத்துகள் மூடப்பட்டன. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு மாறியது. 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது.

செய்தி இன்று நொடியில் போகிறது. யாரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டியதில்லை. அது பெரிய விடுதலை, குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் ஒரு வீட்டின் நல்லது கெட்டதை அடுத்த வீடு அறிவதற்கும், தனித்திருப்பவரை ஒருவர் தவறாமல் பார்த்துவிட்டுப் போவதற்கும் தபால் தந்த வாய்ப்பு அதோடு போய்விட்டது. அதை ஈடு செய்ய வேறு வழக்கம் எதுவும் உருவாகவில்லை. 2018-இல் தொடங்கிய அஞ்சல் வங்கியின் மூலம், தபால்காரர்கள் கைரேகைக் கருவியுடன் முதியோர் வீட்டுக்கே சென்று பணம் கொடுக்கிறார்கள். ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றிதழையும் வீட்டிலேயே பதிவு செய்கிறார்கள். பழைய தொடர்பில் இன்று எஞ்சியிருப்பது இந்தப் பணிதான். அதை விரிவாக்குவது பணத்தைக் கொண்டு சேர்ப்பதற்கு மட்டுமன்றி, தனியே வாழும் முதியோரை மாதம் ஒருமுறையாவது ஒருவர் நேரில் பார்ப்பதற்கும் உதவும்.