பாரிஸ் பாலத்தில் பிறந்த தொழில்

நாய்களுக்கு மயிர் கத்தரித்து, குளிப்பாட்டி, நகம் வெட்டிவிடும் கடைகளை இன்று உலகின் பெருநகரங்கள் எங்கும் காணலாம். சிறுதொழில் தொடங்க விரும்புவோருக்குக் கூறப்படும் ஆலோசனைகளிலும் இதற்கு ஓரிடம் உண்டு. செல்வம் மிகுந்தவர்களுக்காக அண்மையில் தோன்றிய ஆடம்பரத் தொழில் இது எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இதனைத் தெருவில் நின்று வளர்த்தவர்கள் பாரிஸ் நகரத்து ஏழைகளாவர்.

சேன் நதிக்குக் குறுக்கே 1578ஆம் ஆண்டு தொடங்கி 1607இல் கட்டி முடிக்கப்பட்டது பொன் நெஃப் பாலம். புதிய பாலம் என்பது அப்பெயரின் பொருள். இன்று அந்நகரில் நதியின் மேல் எஞ்சியிருக்கும் பாலங்களுள் மிகப் பழையது அதுவே என்பது வேடிக்கைதான். அக்கால வழக்கத்துக்கு மாறாக அதன்மீது வீடுகள் எழுப்பப்படவில்லை. நடந்து செல்வோருக்கென உயர்த்தப்பட்ட நடைபாதை அமைக்கப்பட்டது. எனவே பல் பிடுங்குவோர், பழைய நூல் விற்போர், வித்தை காட்டுவோர் எனக் கையில் காசில்லாத வியாபாரிகள் அனைவரும் அங்கே திரண்டனர். 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாய்களுக்கு மயிர் கத்தரிப்போரும் அக்கூட்டத்தில் இடம்பிடித்திருந்தனர்.

ஒரு பெட்டி, ஒரு கத்தரிக்கோல், ஒரு சீப்பு. மூலதனம் இவ்வளவே. கழுவுவதற்கு நதி இருந்தது. நம்மூர் மரத்தடி நாவிதரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜெனீவாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஓவியர் ஜோன் ஜேம்ஸ் சலோன், 1820களின் தொடக்கத்தில் பாரிஸ் மக்களைச் சித்திரித்து வெளியிட்ட கல்லச்சுப் படங்களுள் ஒன்றில் இத்தொழிலைச் செய்பவர் ஒரு பெண். நாய்களை மட்டும் நம்பி வயிறு வளர்க்க முடியவில்லைபோலும். பூனைகளுக்குக் காயடிப்பதும் இவர்களது வேலையாக இருந்தது. இரு சேவைகளையும் குறிப்பிட்டு, அழைத்தால் வீட்டுக்கும் வரப்படும் என்று தங்கள் பலகைகளில் எழுதிவைத்தனர். வாகனத்திலேயே வீடுதேடி வரும் இன்றைய ஏற்பாட்டைப் புதுமை என விளம்பரம் செய்வோர் இதனை அறிந்தால் நல்லது.

இத்தொழிலுக்குச் சோறு போட்டது பூடில் என்னும் நாயினம். நீரில் துளாவுதலைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிரெஞ்சுக்காரர் வாத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து கனீஷ் என்றனர். வேட்டையில் சுடப்பட்டு நீரில் விழும் பறவைகளை மீட்டு வருவதே அதன் ஆதித் தொழில். நீந்த இலகுவாகப் பின்பாகத்தை மழித்து, குளிர் தாக்காதிருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் மயிரை விட்டுவைத்தனர் என்பது மரபான விளக்கம். வேட்டை மறைந்த பின்னரும் அக்கோலம் அலங்காரமாக நிலைத்துவிட்டது. பூடிலின் மயிர் மற்ற நாய்களுக்குப்போல் பருவந்தோறும் பெருமளவில் உதிர்வதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் சடையாகிவிடும். ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மீண்டும் வந்தே தீரவேண்டும். இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு வியாபாரிக்கு?

பாரிஸ் பாலமொன்றில் பாதணி துடைப்பவன் ஒருவன் வளர்த்த பூடிலைப் பற்றிய கதையொன்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் காணப்படுகிறது. அந்நாய் நதிச் சேற்றில் புரண்டு வந்து வழிப்போக்கரின் பாதணிகளில் உரசி அழுக்காக்குமாம், எஜமானுக்கு வேலை கிடைப்பதற்காக. ஆங்கிலேயர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கி லண்டனுக்குக் கொண்டுசென்றார். அது தப்பியோடி, கடல் கடந்து, பழைய தொழிலுக்கே திரும்பியதாகக் கதை முடிகிறது. நம்புவது வாசகர்களின் விருப்பம்.

அதே லண்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொழில் தெருவை விட்டு மாளிகைக்குள் புகுந்தது. நியூ பொண்ட் வீதியில் நாய்களின் ஒப்பனைக் கழகம் என்ற பெயரில் ஒரு நிலையம் இயங்கியதை 1896இல் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகை விவரித்தது. பாலத்துக் கத்தரிக்காரியால் நெருங்கவும் முடியாத வாடகை அவ்வீதியில். சேன் நதிக்கரையில் மட்டும் 1900ஆம் ஆண்டளவிலும் பழைய தொழிலாளர்கள் எஞ்சியிருந்தனர். அவர்களை அக்காலத் தபாலட்டைகளில் காணலாம்.

இயந்திரம் வந்ததும் நிலைமை மீண்டும் மாறியது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள ரசீன் நகரில் 1924இல் தொடங்கப்பட்ட ஓஸ்டர் நிறுவனம், 1928இல் மின்சாரத்தால் இயங்கும் முடிவெட்டும் கருவியை வெளியிட்டது. இத்தகைய கருவிகள் விலங்குகளுக்கும் பயன்படலாயின. 1960 முதல் 1982 வரை அந்நாட்டின் நாயினப் பதிவுகளில் பூடிலே முதலிடத்தில் இருந்தது. தங்கள் வீட்டு நிலவறையிலும் வாகனத் தரிப்பிடத்திலும் ஒரு மேசையும் கருவியும் வைத்துக்கொண்டு எவரும் தொழில் தொடங்கக்கூடிய நிலை திரும்பியது.

இத்திறந்த கதவுக்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் மனிதருக்கு முடி வெட்டப் பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். நாய்க்கு வெட்டுவோரிடம் மாநிலங்கள் பொதுவாக அதனைக் கேட்பதில்லை. உலர்த்தும் கூண்டுகளின் வெப்பத்தால் நாய்கள் இறந்ததுண்டு. நியூ ஜேர்சியில், ஒப்பனை நிலையமொன்றில் இறந்த பிஜூ என்ற நாயின் பெயரால் 2010களில் ஒரு சட்டமூலம் முன்வைக்கப்பட்டது. பரீட்சை வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கான கட்டணத்தை யார் நிர்ணயிப்பார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். வெறும் கத்தரிக்கோலுடன் வருபவரால் செலுத்தக்கூடிய தொகையாக அது இருக்குமா?