நார்வேக்காரர் தம் முன்னோரைத் தேடும் வழி



சில மாதங்களுக்கு முன் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்கள் தாத்தாவைப் பெற்றவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளில் இருவர்தான் கை தூக்கினார்கள். பிள்ளைகள்தானே என்று விட்டுவிட நினைத்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அதே கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. ஒரு தகரப் பெட்டியும், கறையான் அரித்த ஒரு காகிதமும் எங்கள் வீட்டில் இருந்தன என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

அன்று முதல் இது பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்ததில் என்னை மிகவும் கவர்ந்தது நம்மைப் பற்றிய செய்தியன்று. உலகத்தின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டைப் பற்றியது. அந்தச் சிறு நாட்டிலிருந்து 1825-ஆம் ஆண்டு முதல் 1930 வரை எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாட்டின் மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்தபடி அதிகம் பேரை அனுப்பியது நார்வேதான். போனவர்கள் அரசர்களல்லர், பிரபுக்களல்லர், உழைப்பாளிகள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்மார் இன்று, தம் முன்னோர் எந்த வீட்டில் பிறந்தார், அந்த வீட்டுத் தொழுவத்தில் எத்தனை பசு நின்றது என்பதுவரை சொல்லிவிடுகிறார்கள். அது எப்படி முடிகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

முதலில், அவர்கள் ஏன் போனார்கள்? நார்வேயில் மலையும் காடும் பனியும் அதிகம். உழுது பயிரிடத்தக்க நிலம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். 1801-இல் சுமார் 8 லட்சத்து 83 ஆயிரமாக இருந்த மக்கள் தொகை 1865-இல் 17 லட்சமாகப் பெருகிவிட்டது. நிலம் பெருகுமா? ஒரு பண்ணையை மூத்த மகன் எடுத்துக்கொண்டால் இளையவர்கள் என்ன செய்வது? அவர்களில் பலர் 'ஹுஸ்மான்' ஆனார்கள். ஹுஸ்மான் என்பவர் பண்ணைக்காரரின் நிலத்தில் ஓரமாக ஒரு குடிசையும் சிறு துண்டு நிலமும் பெற்று, அதற்கு ஈடாகப் பண்ணைக்காரர் கூப்பிட்ட நாளெல்லாம் குறைந்த கூலிக்கு வேலை செய்பவர். அவர் குடியிருந்த நிலம் அவருக்குச் சொந்தமில்லை. வேலை போனால் இருப்பிடமும் போகும். இதை நான் தோட்டத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதற்குழு 1825 ஜூலை மாதத் தொடக்கத்தில் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டோராஷன்' என்ற பாய்மரக் கப்பலில் புறப்பட்டது. கப்பல் என்று சொல்லக்கூட வாய் கூசும். சுமார் 54 அடி நீளம்தான். அதில் 52 பேர். மூன்று மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து அக்டோபர் 9-ஆம் நாள் நியூயார்க் சேர்ந்தபோது 53 பேராக இறங்கினார்கள். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது! அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி வந்ததாக அங்கே கப்பலுக்கு அபராதம் விதித்தார்கள். பிறகு அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதை மன்னித்தார். அக்காலத்தில் குடிபெயர்வோருக்கென்று தனிப் பதிவேடு இல்லை. அந்த 53 பேரில் பலரின் பெயர் நமக்குத் தெரிவது, ராஸ்மஸ் ஆண்டர்சன் என்ற அறிஞர் உயிரோடிருந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தேடிக் கேட்டு 1895-இல் நூலாக எழுதியதால்தான். கேட்க ஒருவர் வந்தார். சொல்லவும் சிலர் மிஞ்சியிருந்தார்கள்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். நார்வேயில் தொடங்கக் கூடாது. அமெரிக்காவில், தம் சொந்த வீட்டில் தொடங்க வேண்டும். கல்லறைக் கல், குடும்பப் பைபிளின் முதல் தாள், பழைய கடிதத்தின் அஞ்சல் முத்திரை, பாட்டியின் வாய்மொழி, இவைதான் முதற்படி. அடுத்தது அமெரிக்கக் குடிமதிப்புக் கணக்கு. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் இக்கணக்கில் 1850 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருந்தது. அந்த ஆண்டு முதல் சுதந்திரக் குடிகள் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1880 கணக்கில் தாய் தந்தையர் பிறந்த நாட்டையும், 1900 கணக்கில் எந்த ஆண்டு வந்து சேர்ந்தார் என்பதையும் கேட்டார்கள். 1890 கணக்கின் பெரும்பகுதி மட்டும் நமக்கு இல்லை. 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் பாழாயிற்று. பத்தாண்டில் பிறந்து வளர்ந்து பிரிந்துபோன எத்தனை குடும்பங்களின் செய்தி அதோடு போயிற்று!

ஆனால் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'நார்வே' என்று மட்டுமே இருக்கும். எந்த ஊர் என்று இராது. ஊர் தெரியாமல் அங்கே எதையும் தேட முடியாது. அந்த ஊர்ப் பெயரைப் பெரும்பாலும் தருவது, அவர்கள் அமெரிக்காவில் எழுப்பிக்கொண்ட லுத்தரன் திருச்சபைகளின் ஏடுகள்தாம். போதகரும் நார்வேக்காரர், ஆகவே அவருக்கு ஊர்ப் பெயர் முக்கியமாகப்பட்டது. ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்துக்கொண்டதும், அச்சங்கங்கள் வெளியிட்ட மலர்களும் இதற்கு உதவுகின்றன.

இப்போது பெயர் விஷயம். இங்கேதான் புதிதாகத் தேடுவோர் எல்லாரும் இடறி விழுகிறார்கள். பழைய நார்வேயில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. லார்ஸ் என்பவர் மகன் ஓலெ என்றால் அவர் 'ஓலெ லார்சன்', மகள் 'லார்ஸ்டாட்டர்'. ஓலெயின் மகன் லார்சன் ஆகமாட்டார், 'ஓல்சன்' ஆவார். தகப்பன் பெயரைத் தலையெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் பெயரின் கடைசியில் பண்ணையின் பெயரும் சேரும். அது விலாசம் போன்றது. பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும்! எல்லாரும் ஒரே நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்ததே 1923-இல்தான்.

இன்னொன்று. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்பது அவர்கள் வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே நாமும் 'பெயரன்' என்கிறோம்! ஒரு குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கும் அதே பெயரை வைத்துவிடுவார்கள். ஆகவே ஒரே வீட்டில் ஓலெ என்று ஒரு பிறப்புப் பதிவைக் கண்டதும் "இவர்தான் நம் பாட்டன்" என்று துள்ளிவிடக் கூடாது. இறப்பு ஏட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

புகழ்பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகப் பெயர் பெற்ற கினூட் ராக்னி 1888-இல் நார்வேயில் வொஸ் என்னும் இடத்தில் பிறந்தவர். வண்டி செய்பவரான அவர் தந்தை, 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை முன்னிட்டு அமெரிக்கா சென்றார். குடும்பமும் போய்ச் சேர்ந்தது. தந்தையின் பெயர் லார்ஸ் க்னுட்சன். அப்படியானால் பாட்டனார் பெயர் க்னுட். பேரனுக்கும் க்னுட். ஊர் வழக்கப்படி அவர் க்னுட் லார்சன் ரொக்னெ. ரொக்னெ என்பது வொஸ்ஸில் உள்ள பண்ணை. பார்த்தீர்களா, ஒரு பெயருக்குள்ளேயே மூன்று தலைமுறையும் ஓர் ஊரும் அடங்கிவிட்டன.

எல்லாப் பெயரும் இப்படி வழிகாட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மினசோட்டா மாநில ஆளுநராகவும் பிறகு செனட்டராகவும் இருந்த கினூட் நெல்சன், திருமணமாகாத ஒரு தாயின் மகனாக 1843-இல் பிறந்தவர். 1849-இல் அந்தத் தாய் ஆறு வயதுப் பிள்ளையோடு அமெரிக்கா வந்தார். நெல்சன் என்பது பிறகு வாய்த்த மாற்றுத் தந்தையின் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு நார்வேயில் தேடினால் வேறு யாருடைய வீட்டிலோ போய் நிற்போம்.

ஊர் தெரிந்தபின் நார்வே ஏடுகளைத் திறக்கலாம். அவற்றுள் முதன்மையானது திருச்சபை ஏடு. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதில் உண்டு. 1812-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வேடுகளுக்கு அச்சிட்ட கட்டங்கள் வந்தன. ஊரைவிட்டு வெளியேறுவோர் பட்டியலும் சேர்ந்தது. அதில் போகும் இடம் 'அமெரிக்கா' என்று எழுதியிருப்பதைக் காணும்போது தேடுபவருக்கு மெய்சிலிர்க்குமாம். அதைவிட என்னைச் சிலிர்க்க வைத்தது வேறு. ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு படி எழுத வேண்டும். ஒன்று போதகரிடம், மற்றது கோயில் எழுத்தரிடம். இரண்டும் ஓர் இரவுகூட ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது என்பது விதி. மரவீடுகள் நிறைந்த நாடு, தீப்பிடித்தால் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்ற எண்ணம். ஓர் ஏழைக் குடிசைக்காரன் பிள்ளையின் பெயருக்கு அத்தனை காவல்!

அடுத்தது நார்வேக் குடிமதிப்பு. 1801-இல் ஆள் ஆளாகப் பெயர் எழுதினார்கள். பின் 1865 வரை பெரும்பாலும் எண்ணிக்கைதான், பெயர் இல்லை. 1865, 1875, 1891, 1900, 1910 ஆண்டுகளில் மீண்டும் பெயர் உண்டு. நூறாண்டு கழிந்த பிறகே பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பார்கள். 1920 கணக்கு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1865 கணக்கில் ஒரு சிறப்பு: வீட்டில் உள்ளவர் பெயரோடு, பிறந்த ஊர், குதிரை, மாடு, ஆடு, பன்றி எத்தனை, எவ்வளவு பார்லி விதைத்தார்கள், எவ்வளவு உருளைக்கிழங்கு நட்டார்கள் என்பதும் உண்டு. வயதை மட்டும் கவனித்துப் படிக்க வேண்டும். அது நம் ஜோதிடர் சொல்வது போல நடப்பு வயது. 1865 டிசம்பர் 31-இல் ஒருவர் வயது 25 என்றிருந்தால் அவருக்கு நிறைந்தது 24. அதாவது 1841-இல் பிறந்தவர்.

மூன்றாவது, காவல்துறையின் குடிபெயர்வோர் பதிவேடு. கப்பல் ஏஜெண்டுகள் ஏழைகளை ஏமாற்றாதபடி 1860-களில் சட்டங்கள் வந்தன. பயண ஒப்பந்தத்தைக் காவல் நிலையத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும். பெயர், வயது, தொழில், கடைசியாகக் குடியிருந்த ஊர், போகுமிடம், கப்பல் எல்லாம் அங்கே பதிவாயின. 1925 வரை கிறிஸ்தியானியா எனப்பட்ட ஆஸ்லோ நகருக்கும் திரொன்ஹைமுக்கும் 1867 முதலும், பெர்கனுக்கு 1874 முதலும் பதிவேடுகள் உள்ளன. முதற்குழு புறப்பட்ட ஸ்டவாங்கருக்கோ 1903-க்கு முந்தியவை இல்லை. ஒரே ஆண்டில், 1882-இல், 28 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். பதிவேட்டில் உள்ள கப்பல் பெரும்பாலும் அவர்களை இங்கிலாந்தின் ஹல் துறைமுகம்வரை கொண்டுபோனதுதான். அங்கிருந்து ரயிலில் லிவர்பூல். அங்கே வேறு கப்பல். இதை அறியாமல் நியூயார்க் பட்டியலில் முதற்கப்பலின் பெயரைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. இப்போது 1998 முதல் நார்வே அரசு ஆவணக் காப்பகம் இவற்றையெல்லாம் கணினி வழியே கட்டணமின்றிப் பார்க்கத் தருகிறது.

நியூயார்க்கில் அதிகாரிகள் வந்தவர்களின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பலர் சொல்வார்கள். அது சரியன்று. அதிகாரிகள் கப்பல் கம்பெனி தந்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைச் சுருக்கியதும் திருத்தியதும் பெரும்பாலும் வந்தவர்களேதாம், அண்டை அயலார் வாயில் நுழையட்டும் என்று. நம் கதை வேறு. என் தந்தையின் பெயரையும் சித்தப்பாவின் பெயரையும், அவர்களுடைய தகப்பனார் பெயரோடு, தோட்டத்துக் கிராணி செக்ரோலில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார். அடையாள அட்டையிலும் அப்படியே ஏறியது. சித்தப்பா காலமானபின் அவருக்குச் சேரவேண்டிய தொகைக்காக என் தந்தை ஓர் அலுவலகத்துக்குப் பதினான்கு மாதம் நடந்தார். இருவரும் ஒரு தகப்பன் பிள்ளைகள் என்று காகிதத்தில் இல்லை என்றார்கள்.

போனவர்கள் எல்லாரும் அங்கேயே தங்கிவிடவில்லை. 1910 நார்வேக் குடிமதிப்பில், அமெரிக்கா போய்த் திரும்பியவர்களிடம் தனியாகக் கேள்வி கேட்டார்கள். எந்த ஆண்டு போனீர்கள், அங்கே எந்த இடத்தில் இருந்தீர்கள், என்ன தொழில் செய்தீர்கள், எப்போது திரும்பினீர்கள்? சிலர் கையில் பணத்தோடு வந்து, அப்பன் கூலியாக நின்ற பண்ணையிலேயே நிலம் வாங்கினார்கள்.

என் வகுப்புக்கு மீண்டும் வருகிறேன். கேள்வி கேட்ட மறு வாரம் ஒரு சிறுமி பயிற்சிப் புத்தகத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். பாட்டியிடம் கேட்டுத் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தாள். ஊரின் பெயரை மூன்று விதமாக எழுதி, "பாட்டி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது சார், எதை அடிக்கட்டும்?" என்றாள். எதையும் அடிக்காதே, மூன்றையும் வைத்துக்கொள், கீழே இன்றைய தேதியைப் போடு என்றேன்.