நகரக் கழிவு மட்கு உரம்

நகரக் கழிவு மட்கு உரம் என்பது நகரங்களில் சேரும் திடக்கழிவின் மட்கக்கூடிய பகுதியை நுண்ணுயிர்களால் சிதைவுறச் செய்து பெறப்படும் கரிம உரம் ஆகும். உணவு மிச்சம், காய்கறிக் கழிவு, இலைதழை ஆகியன இதன் மூலப்பொருட்கள். இது மண்ணை வளப்படுத்துவதுடன் குப்பைமேடுகளுக்குச் செல்லும் கழிவையும் குறைக்கிறது. எனினும் தரம் பிரிக்காத குப்பையிலிருந்து தயாரித்த உரத்தில் கன உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். எனவே உணவுப் பயிர்களுக்கு இதனை இடுவது தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

வரலாறு

ஆல்பர்ட் ஓவார்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, பயிர்க் கழிவையும் சாணத்தையும் மட்கச் செய்யும் இந்தூர் முறையை உருவாக்கினார். நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழிகளில் அடுக்கடுக்காக இட்டு மண்ணால் மூடும் பெங்களூர் முறையை 1939 இல் சி. என். ஆச்சார்யா உருவாக்கினார்.

தயாரிப்பு

மட்கும் குப்பை நீண்ட குவியல்களாக இடப்பட்டு, ஈரம் குறையாமல் காக்கப்பட்டு, காற்றோட்டத்திற்காக அவ்வப்போது கிளறப்படுகிறது. நுண்ணுயிர்களின் செயற்பாட்டால் குவியலின் உட்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. இவ்வெப்பம் பல நாட்கள் நீடித்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிகின்றன. பின்னர் உரம் முதிரச் சில வாரங்கள் தேவை. முதிராத உரத்தை இட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரசனை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறும்.

பயன்கள்

யூரியாவில் 46% நைட்ரசன் உள்ளது. மட்கு உரத்தில் பொதுவாக 1% அளவிலேயே உள்ளது. ஆகவே இது வேதியுரத்திற்கு நேரடி மாற்று அன்று. மண்ணின் கரிமப் பொருளைக் கூட்டுவதும், மணற்பாங்கான மண்ணில் நீரைத் தேக்குவதும், களிமண்ணை இளக்குவதுமே இதன் முதன்மைப் பயன்கள்.

இடர்கள்

மின்கலம், வண்ணப்பூச்சு, மின்னணுக் கழிவு ஆகியவற்றிலிருந்து ஈயம், காட்மியம், பாதரசம் முதலியன குப்பையில் கலக்கின்றன. இவை மட்குவதில்லை. மட்கும்போது கரிமப் பொருளின் ஒரு பகுதி கரியமில வாயுவாக வெளியேறுவதால், எஞ்சும் உரத்தில் உலோகங்களின் செறிவு கூடுகிறது. கண்ணாடித் துண்டுகளையும் நெகிழியையும் சல்லடையால் பெருமளவு நீக்கலாம். உரத்துடன் கலந்துவிட்ட உலோகங்களை அவ்வாறு நீக்க இயலாது.

காட்மியத்தைக் கீரைகள் எளிதில் உறிஞ்சுகின்றன. அமில மண்ணில் இது மிகுதியாகும். ஈயம் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலும் தங்கிவிடும். ஆனால் கிழங்குகளிலும் கீரைகளிலும் ஒட்டிய மண் வழியாக அது உணவில் சேரலாம்.

தர வரம்புகள்

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகள், ஒரு கிலோகிராம் உரத்தில் இருக்கக்கூடிய உச்ச அளவுகளைப் பின்வருமாறு வகுத்தன:

* ஈயம் - 100 மில்லிகிராம்
* ஆர்சனிக் - 10 மில்லிகிராம்
* காட்மியம் - 5 மில்லிகிராம்
* பாதரசம் - 0.15 மில்லிகிராம்

இவ்வளவுகளை மீறிய உரத்தை உணவுப் பயிர்களுக்கு இடக்கூடாது என்றும், பிற தேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்றும் அவை கூறின. 2016 ஆம் ஆண்டின் விதிகளிலும் இத்தடை இடம்பெற்றது.

தரம் பிரித்தல்

உலோகங்களைப் பின்னர் நீக்க இயலாததால், உரத்தின் பாதுகாப்பு பெரிதும் வீடுகளிலும் சந்தைகளிலும் குப்பையைப் பிரிப்பதிலேயே தங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் இயற்றிய உர ஒழுங்குவிதி, தனியாகச் சேகரித்த உயிரிக்கழிவின் மட்கு உரத்தை ஏற்கிறது. கலப்புக் குப்பையிலிருந்து இயந்திரத்தால் பிரித்த பகுதியை ஏற்பதில்லை.

இவற்றையும் பார்க்க

* மண்புழு உரம்
* திண்மக் கழிவு மேலாண்மை
* இயற்கை வேளாண்மை