எகிப்தியரின் ‘நெத்தெர்’, கொட்டாஞ்சேனையின் ‘கோயில்’

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழர் ‘அந்தோனியார் கோயிலுக்குப் போகிறோம்’ என்பர். அது செய்தியாக வரும்போது ‘தேவாலயம்’ என்று திருத்துவது பத்திரிகை மேசைகளில் நெடுநாள் வழக்கம். ‘கோயில்’ இந்துக்களுக்கே உரிய சொல் என்ற எண்ணமே காரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பண்டைய எகிப்திய மொழியின் ஒரு சொல் என் ஐயத்தை உறுதிப்படுத்தியது.

‘நெத்தெர்’ என்பது அச்சொல். கடவுள் என்று பெயர்ப்பர். ஆனால் அதன் பொருட்பரப்பு அகன்றது. ஒசிரிசும் அமுனும் நெத்தெர். ஆளும் மன்னனும் ‘நல்ல நெத்தெர்’. ஆலயம் ‘நெத்தெரின் மாளிகை’. சித்திர எழுத்தில் அதன் குறி, துணி சுற்றிய கம்பம் அல்லது கொடி. எகிப்திய ஆலய வாயில்களின் முன் கொடிக்கம்பங்கள் நின்றன. பொன்னம்பலவாணேசர் கோயில் கொடிமரத்தையும், ஜூன் 13ஆந் திகதித் திருவிழாவுக்காக அந்தோனியார் கோயிலில் ஏறும் கொடியையும் கண்டவர்களுக்கு இக்குறி அந்நியமாகத் தோன்றாது.

உடனே ‘நெத்தெர்’தான் நம் ‘நாதர்’ என்று கிளம்பிவிட வேண்டாம். (இணையத்தில் இத்தகைய ஆராய்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை.) எகிப்தியர் உயிரொலிகளை எழுதவில்லை, இன்றைய உச்சரிப்பு ஆய்வாளர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது. ‘நாதர்’ வடசொல்.

வியப்பு வேறிடத்தில் உள்ளது. எகிப்து கிறித்தவமானபின் அம்மொழியின் இறுதி வடிவமான கொப்தியத்தில் விவிலியம் பெயர்க்கப்பட்டது. தேவதூதருக்கும் ஆவிக்கும் கிரேக்கச் சொற்களைக் கடன்வாங்கியவர்கள், கடவுளுக்கு மட்டும் வாங்கவில்லை. ஒசிரிசுக்கு வழங்கிய அதே சொல்லை, ‘நூத்தே’ என்று மருவிய வடிவில், தம் ஒரே இறைவனுக்கு வைத்துக்கொண்டனர்.

நம் ‘கோயில்’ கோவின் இல்லம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அரண்மனையும் கோயிலே. அரசனிடமிருந்து இறைவனிடம் சென்ற சொல் அது. எகிப்திலோ ‘பெரிய வீடு’ என்று அரண்மனையைக் குறித்த தொடர், பதினெட்டாம் வம்ச காலத்தில் மன்னனையே குறிக்கலாயிற்று. தமிழ் விவிலியத்தின் ‘பார்வோன்’ அதன் வழிவந்ததே.

‘தேவாலயம்’ என்று திருத்துவதால் மட்டும் என்ன தெளிவு? சிங்களத்தில் ‘தேவாலய’ கதிர்காமக் கடவுளுக்கும் பத்தினிக்கும் உரியது. கிறித்தவ ஆலயமும் மசூதியும் அங்கே ‘பள்ளிய’. ஒருகாலத்தில் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்துக்குத் தமிழர் வழங்கிய ‘பள்ளி’தான் அது.

கொட்டாஞ்சேனையில் முச்சக்கரவண்டிக்காரரிடம் வெறுமனே ‘கோயிலடிக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எந்தக் கோயில்?’ என்றுதான் கேட்பார்.