பூனைக்கென ஒரு மருத்துவம்

கால்நடை மருத்துவம் மாட்டையும் குதிரையையும் முன்னிட்டுப் பிறந்த துறையாகும். 1761இல் பிரான்சின் லியோன் நகரில் கிளாட் பூர்ஜலா நிறுவிய உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி, மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை ஒடுக்கும் நோக்கில் எழுந்தது. 1791இல் லண்டனில் தொடங்கிய கல்லூரி, படைக்கும் வண்டிக்கும் வேண்டிய குதிரைகளையே பெரிதும் கவனித்தது. உழவுக்கும் போருக்கும் உதவாத பூனை இந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. பின்னாளில் மருத்துவமனைக்குள் வந்தபோதும் அது பெரும்பாலும் சிறிய நாயாகவே கருதப்பட்டது.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் மாறத் தொடங்கியது. 1958இல் இங்கிலாந்தில் ஜோன் ஜட் என்பவர் பூனை நலத்துக்கென ஓர் அமைப்பை நிறுவினார். 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட், பூனைகளின் இரத்தப் புற்றுக்கு ஒரு வைரஸ் காரணமாவதைக் கண்டறிந்தார்.

ஆயினும் பூனையின் உடல் தனித்தன்மை வாய்ந்தது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது டாரின் வரலாறுதான். டாரின் என்பது இறைச்சியிலும் மீனிலும் உள்ள, தாவர உணவில் ஏறக்குறைய இல்லாத ஓர் அமினோ அமிலம். நாயின் உடல் பொதுவாகத் தனக்கு வேண்டிய டாரினைத் தானே ஆக்கிக்கொள்ள, பூனையோ மிகச் சிறிதளவே ஆக்குவதோடு, பித்தநீரின் வழியாக அதை நாள்தோறும் இழக்கவும் செய்கிறது. பாலின் புரதமான கேசீனை மட்டுமே புரதமாகக் கொண்ட உணவில் வளர்ந்த பூனைகளுக்கு விழித்திரை சிதைவதன் காரணம் டாரின் குறைவே என்பது 1975இல் தெளிவாயிற்று. 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் குழுவினர் அதைவிடப் பெரிய உண்மையை வெளியிட்டனர். இதயத்தசை நலிந்து, அறைகள் விரிந்து, இரத்தத்தை உந்தும் வலுவை இதயம் இழக்கும் நோய்க்கு ஆளான பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருந்தது. அதை ஊட்டியபின், பிழைக்காது என்று கருதப்பட்ட பூனைகள் பலவற்றின் இதயம் மீண்டும் வலுவுடன் சுருங்கியதை மீயொலிப் (எக்கோ) படங்கள் காட்டின. அவை பட்டினி கிடந்த தெருப்பூனைகள் அல்ல; அன்றைய அளவுகோல்களின்படி போதிய டாரின் கொண்டவை எனப்பட்ட கடைத் தீவனங்களை உண்டு வளர்ந்தவை என்பதே இங்குக் கருதத்தக்கது. தீவனங்களில் அதன் அளவு உயர்த்தப்பட்டபின் இந்நோய் அரிதாயிற்று.

மருந்திலும் இவ்வேறுபாடு உண்டு. மனிதரின் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவாதலால், ஒரே மாத்திரைகூட ஈறுகளைப் பழுப்பாக்கி, மூச்சுத் திணறச் செய்து உயிரைப் பறிக்கக்கூடும்.

பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே இட்டுப் பூனை வளர்க்கும் தமிழ் வீடுகள் இன்றும் உள்ளன. அவற்றில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் மீனோ இறைச்சியோ டாரின் சேர்ந்த தீவனமோ அன்றாடம் கிடைக்காத பூனை நாளடைவில் பார்வையையும் இதய வலுவையும் இழக்கக்கூடும் என்பதை வளர்ப்போர் அறிந்திருத்தல் வேண்டும்.