மீலாது விழாவும் முஸ்லிம் அறிஞர்களின் கருத்து வேறுபாடும்: ஒரு வரலாற்றுப் பார்வை



“முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள்.” தேர்வுத் தாளில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் சரியா, தவறா? பாதி சரின்னு சொல்லலாம். கோடிக்கணக்கான முஸ்லிம்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடக் கூடாது என்று சொல்லும் முஸ்லிம்களும் ஏராளம். இரு தரப்பாரும் நபியை நேசிக்கிறவர்கள்தான். அப்படின்னா வேறுபாடு எங்கே இருக்கிறது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இது தேர்வுக்கு மட்டும் உதவும் செய்தி இல்லை. உங்கள் வகுப்பில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருக்கலாம். ஒரு பிள்ளையின் வீட்டில் மவுலிது ஓதி நெய்ச்சோறு பரிமாறுவார்கள். இன்னொரு பிள்ளையின் வீட்டில் அந்த நாளும் மற்ற நாளைப் போலவே கழியும். ஆசிரியர் ஒரு தரப்பை மட்டும் ‘உண்மையான இஸ்லாம்’ என்று சொல்லிவிட்டால், மற்றப் பிள்ளை தலைகுனிந்து உட்கார வேண்டியிருக்கும். வரலாறு தெரிந்தால் அந்தத் தவறு நடக்காது.

1. முதல் நூற்றாண்டுகளில் என்ன இருந்தது?

நபிகள் நாயகம் காலத்தில் ஆண்டுப் பெருநாள்கள் இரண்டு: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள். இதில் எல்லாத் தரப்பாரும் ஒத்துப்போகிறார்கள். நபியின் பிறந்தநாளுக்கென ஓர் ஆண்டு விழா அவர் காலத்திலும் இல்லை, அவருடைய தோழர்கள் காலத்திலும் இல்லை. இதையும் இரு தரப்பு அறிஞர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாதம் ‘நடந்ததா, இல்லையா’ என்பது பற்றி இல்லை. ‘அப்போது இல்லாத ஒன்றைப் பின்னால் தொடங்கலாமா’ என்பதுதான் கேள்வி.

நாள்காட்டியையும் கவனியுங்கள். கலீஃபா உமர் ஆட்சியில் முஸ்லிம்கள் தங்களுக்கென ஓர் ஆண்டுக் கணக்கை வகுத்தார்கள். அந்தக் கணக்கு நபியின் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. 622இல் அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்திலிருந்து தொடங்கியது. இது சந்திர ஆண்டு. சுமார் 354 நாள். அதனால்தான் இஸ்லாமிய விழாக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கின்றன.

2. விழா எப்படித் தொடங்கியது?

அரசு விழாவாக மீலாது பற்றிக் கிடைக்கும் பழைய செய்திகள் எகிப்தைச் சேர்ந்தவை. அங்கே ஃபாத்திமிய மரபினர் 969 முதல் 1171 வரை ஆண்டார்கள். இவர்கள் ஷியா பிரிவினர். நபியின் பிறந்தநாளோடு அலீ, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் ஆகியோரின் பிறந்தநாள்களையும், ஆட்சியிலிருக்கும் கலீஃபாவின் பிறந்தநாளையும் அரண்மனை விழாவாக நடத்தினார்கள். இனிப்பு வழங்குவது அதில் முக்கியமான பகுதி. அமைச்சர் அல்-அஃப்தல் இந்த விழாக்களை நிறுத்தினார். 1121இல் அவர் இறந்த பிறகு அவை மீண்டும் நடந்தன.

சன்னி முஸ்லிம்களிடையே பெரிய விழாவாகப் புகழ் பெற்றது இன்றைய ஈராக்கில் உள்ள இர்பில் நகரத்து மீலாது. அந்நகரை ஆண்ட முஸஃப்பருத்தீன் கோக்புரி, சுல்தான் சலாஹுத்தீனின் சகோதரியை மணந்தவர். விழாவுக்காக மரத்தால் பல அடுக்கு மண்டபங்கள் எழுப்பினார். அறிஞர்களும் சூஃபிகளும் பல ஊர்களிலிருந்து வந்து கூடினார்கள். அந்தலூசிய அறிஞர் இப்னு திஹ்யா 1207இல் அங்கே வந்து, மீலாது பற்றி ஒரு நூல் எழுதி அரசரிடமிருந்து 1,000 தீனார் பரிசு பெற்றார். அந்த ஊரிலேயே பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இவற்றை எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு செய்தியும் அவர் தருகிறார். நபி பிறந்த நாள் ரபீஉல் அவ்வல் மாதம் 8ஆ, 12ஆ என்று அறிஞர்களிடையே வேறுபாடு இருந்ததால், அரசர் ஓர் ஆண்டு 8ஆம் நாளும் அடுத்த ஆண்டு 12ஆம் நாளும் விழா எடுத்தாராம்! இன்று சன்னி முஸ்லிம்கள் பெரும்பாலும் 12ஆம் நாளை எடுத்துக்கொள்கிறார்கள். ஷியா முஸ்லிம்கள் 17ஆம் நாளை.

பிற்காலத்தில் உஸ்மானியப் பேரரசு 1588இல் மீலாதை அரசு விழாவாக்கியது.

3. கூடாது என்றவர்கள் சொன்ன காரணங்கள்

இங்கே ஒரு கலைச்சொல் வேணும்: ‘பித்அத்’. மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தப்பட்டது என்பது அதன் பொருள்.

14ஆம் நூற்றாண்டில் மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த அல்-ஃபாகிஹானி ஒரு சிறு நூல் எழுதினார். குர்ஆனிலும் நபிவழியிலும் இதற்கு ஆதாரம் இல்லை, முன்னோர் இதைச் செய்யவில்லை, எனவே இது பித்அத் என்றார். இன்னொரு கேள்வியும் கேட்டார்: நபி பிறந்த அதே மாதத்தில்தான் இறந்தார், அப்படியிருக்க, அந்த மாதத்தில் துக்கத்தை விட்டு மகிழ்ச்சி மட்டும் எதற்கு?

அதே காலத்தவரான இப்னுல் ஹாஜ் வேறு கோணத்தில் பேசினார். நபி பிறந்த மாதத்தை மதிக்க வேண்டும், நற்செயல்களைக் கூட்ட வேண்டும் என்றார். விழாக்களில் புகுந்த இசைக் கருவிகளையும் ஆண்-பெண் கலப்பையும் கடுமையாகக் கண்டித்தார்.

1328இல் இறந்த இப்னு தைமிய்யாவின் கருத்தைப் பல நூல்கள் பாதி மட்டுமே எடுத்துக்காட்டுகின்றன. மீலாது பித்அத் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் நபியின் மீதுள்ள அன்பால், நல்ல எண்ணத்தோடு செய்கிறவருக்கு அந்த அன்புக்கும் எண்ணத்துக்கும் நற்கூலி கிடைக்கலாம் என்றும் எழுதினார். ‘எதிர்ப்பாளர்’ என்ற ஒரே பெட்டிக்குள் இவர்கள் மூவரையும் அடைக்க முடியாது, பாருங்க.

18ஆம் நூற்றாண்டில் அரேபியாவில் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் தொடங்கிய இயக்கம் இந்த எதிர்ப்பை மேலும் உறுதியாக்கியது. இன்றும் சவூதி அரேபியாவில் மீலாதுக்குப் பொது விடுமுறை கிடையாது.

4. கூடும் என்றவர்கள் சொன்ன காரணங்கள்

இவர்கள் ‘புதியது எல்லாம் தீயது அல்ல’ என்று வாதிட்டார்கள். ரமலான் இரவுத் தொழுகைக்கு மக்களை ஓர் இமாமின் பின்னே ஒன்றுசேர்த்த கலீஃபா உமர், அதை நல்ல புதுமை என்று சொன்னதாக நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. இதைக் கொண்டு, பித்அத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்று பல அறிஞர்கள் பிரித்தார்கள். உமர் சொன்னது சொல்வழக்கு மட்டுமே, மார்க்க விதி அல்ல என்பது மறுதரப்பின் பதில்.

1449இல் இறந்த இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி ஓர் ஒப்புமை காட்டினார். மூஸா நபி காப்பாற்றப்பட்ட நாளுக்கு நன்றியாக மதீனா யூதர்கள் ஆஷூரா நோன்பு வைத்தார்கள். நபிகள் நாயகமும் அந்த நோன்பை வைத்தார். அப்படியானால், இறைவன் தந்த ஓர் அருளுக்கு அதே நாள் திரும்பி வரும்போது நன்றி செலுத்தலாம் என்பது தெரிகிறது அல்லவா? இதுதான் அவர் வாதம்.

1505இல் இறந்த எகிப்திய அறிஞர் சுயூத்தி, அல்-ஃபாகிஹானியின் நூலை எடுத்துக்காட்டி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பிறப்பும் இறப்பும் ஒரே மாதத்தில் வந்தால்? அருளுக்கு நன்றி காட்டவும், துன்பத்தில் பொறுமை காக்கவும் மார்க்கம் சொல்கிறது. குழந்தை பிறந்தால் அகீகா கொடுக்கச் சொல்கிறது. இறப்புக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எனவே மகிழ்ச்சியை வெளிக்காட்டுவதே பொருத்தம் என்றார்.

நபி திங்கட்கிழமைகளில் நோன்பு வைத்ததும், காரணம் கேட்டபோது அன்றுதான் தாம் பிறந்ததாகச் சொன்னதும் நபிமொழியில் உண்டு. ‘பார்த்தீர்களா, பிறந்தநாளை அவரே சிறப்பித்தார்’ என்கிறது ஒரு தரப்பு. ‘அவர் நோன்புதான் வைத்தார், விழா எடுக்கவில்லை, ஆண்டுக்கு ஒருமுறையும் செய்யவில்லை’ என்கிறது மறுதரப்பு. ஒரே சான்றிலிருந்து இரண்டு முடிவு! வரலாற்று மாணவர் கற்க வேண்டிய நல்ல பாடம் இது.

5. ஒரே நாள், இரண்டு பொருள்

முஹர்ரம் 10ஆம் நாளான ஆஷூராவை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னி முஸ்லிம்களுக்கு அது நோன்பு வைக்க விரும்பப்படும் நாள். ஷியா முஸ்லிம்களுக்கு, 680இல் நபியின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட துக்க நாள். ஹுசைனை இரு பிரிவினரும் மதிக்கிறார்கள்; நினைவுகூரும் முறைதான் வேறு. பினாங்கின் போரியா கலை, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் நடத்திய முஹர்ரம் ஊர்வலங்களிலிருந்து கிளைத்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

6. நம் வட்டாரத்தில் நடந்த வாதம்

மலாய் உலகில் மீலாது என்றாலே ‘பர்ஸன்ஜி’ ஓதுவது நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டில் மதீனாவில் வாழ்ந்த ஜஃபர் அல்-பர்ஸன்ஜி இயற்றிய அரபு நூல் அது. நபியின் பிறப்பைச் சொல்லும் இடம் வந்ததும் எல்லாரும் எழுந்து நின்று ‘மர்ஹபான்’ பாடுவார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எழுந்து நிற்றல் ஒரு விவாதப் பொருளாயிற்று. சீர்திருத்தம் வேண்டியவர்கள் ‘கவும் மூடா’ எனவும், மரபைக் காத்தவர்கள் ‘கவும் துவா’ எனவும் அழைக்கப்பட்டார்கள். 1906இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘அல்-இமாம்’ இதழும், ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன், சையத் ஷேக் அல்-ஹாடி போன்றோரும் சீர்திருத்தத் தரப்பின் முக்கிய அடையாளங்கள். சுமத்ராவின் ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ், மவுலிதில் எழுந்து நிற்பதை மறுத்துத் தனி நூலே எழுதினார். இறந்தவர்களுக்கான கந்தூரி, தல்கீன் ஆகியவையும் இந்த வாதத்தில் சேர்ந்தவை.

தமிழ் முஸ்லிம்களிடையேயும் இது உண்டு. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நாகூரில் 14 நாள் கந்தூரி நடக்கிறது. அது அவருடைய மறைவை நினைவுகூரும் விழா. அந்த மரபைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா கட்டினார்கள். சிங்கப்பூர் தர்கா 1828–1830இல் எழுந்தது. ‘தாருல் இஸ்லாம்’ இதழை நடத்திய பா. தாவூத்ஷா 1920களில் இத்தகைய வழக்கங்களை விமர்சித்து எழுதினார். 1980களிலிருந்து தமிழ்நாட்டில் வளர்ந்த தௌஹீத் இயக்கத்தினர் மீலாது, கந்தூரி இரண்டையுமே பித்அத் என்கிறார்கள். தர்கா மரபினரோ, இது இறைநேசர்களுக்குச் செய்யும் மரியாதையே தவிர வணக்கம் அல்ல என்று பதில் சொல்கிறார்கள்.

7. விடுமுறையை வைத்து முடிவு செய்யலாமா?

கூடாது. மலேசியாவில் மவ்லிதுர் ரசூல் நாடு முழுவதும் பொது விடுமுறை, ஊர்வலமும் உண்டு. நபியின் விண்ணேற்றத்தை நினைவுகூரும் இஸ்ராக் மிக்ராஜ் கெடா, நெகிரி செம்பிலான், பெர்லிஸ் போன்ற சில மாநிலங்களில் மட்டும் விடுமுறை. பெர்லிஸ் சீர்திருத்தக் கருத்துக்குப் பெயர் பெற்ற மாநிலம் என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் 1968இல் விடுமுறை நாள்கள் குறைக்கப்பட்டபோது, நபி பிறந்தநாளும் நம் தைப்பூசமும் பட்டியலிலிருந்து நீங்கின. அதற்காக முஸ்லிம்கள் மவுலிது ஓதுவதையோ, இந்துக்கள் காவடி எடுப்பதையோ விட்டுவிடவில்லை. விடுமுறை என்பது அரசின் முடிவு; அதை மார்க்கத் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள்.

தேர்வில் எழுதும்போது

- ‘முஸ்லிம்கள் அனைவரும்’ என்று தொடங்காதீர்கள். ‘ஒரு சாரார்’, ‘மற்றொரு சாரார்’ என்று எழுதி, யார், எந்த நூற்றாண்டு என்பதையும் சேருங்கள்.
- இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்தியை முதலில் சொல்லுங்கள். பிறகு வேறுபாட்டுக்கு வாருங்கள்.
- ஒவ்வொரு தரப்புக்கும் குறைந்தது ஒரு சான்று, ஓர் அறிஞர் பெயர் தாருங்கள்.
- ‘நபியை மதிப்பவர்கள், மதிக்காதவர்கள்’ என்று பிரிக்காதீர்கள். இது பெரிய பிழை. உங்கள் பக்கத்து மேசைத் தோழரைப் புண்படுத்தவும் செய்யும்.

பயிற்சிக் கேள்விகள்

1. மீலாது விழா குறித்து அல்-ஃபாகிஹானி, சுயூத்தி ஆகியோரின் வாதங்களை ஒப்பிடுக.
2. திங்கட்கிழமை நோன்பு பற்றிய நபிமொழியை இரு தரப்பாரும் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள்? விளக்குக.
3. ‘கவும் மூடா, கவும் துவா விவாதம் மலாயாவுக்கு மட்டும் உரியது.’ இக்கூற்றை ஆராய்க.

ஆசிரியர்களே, மூன்றாம் கேள்வியைக் குழு வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு குழு கெய்ரோவையும், ஒரு குழு சுமத்ராவையும், ஒரு குழு நாகூரையும் எடுக்கட்டும். எழுநூறு ஆண்டுகளாக, ஒரே வேதத்தையும் ஒரே நபியையும் ஏற்றவர்கள் நூல் எழுதி, மறுப்பு எழுதி, மறுப்புக்கும் பதில் எழுதி வந்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.