ம் கொட்ட ஒரு செகண்ட்

இது கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. கோடெக், பாக்கெட், மில்லிசெகண்ட் என்றெல்லாம் வரும். ஆனால் விஷயம் என்னவோ வீட்டுக்குப் போன் போடுவதுதான். அதனால் தைரியமாகப் படிக்கலாம் :-)

நம் ஊரில் கதை கேட்பவருக்கு ஒரு கடமை உண்டு. ம் கொட்ட வேண்டும். அது நின்றால் பாட்டி "தூங்கிட்டியா?" என்பார். போனிலும் அப்படித்தான். அம்மா பேசிக்கொண்டே போவார், நாம் நடுநடுவே "ம்", "சரி", "அப்புறம்?" என்று போட்டுக்கொண்டே இருப்போம். அந்த "ம்" சரியான இடத்தில் விழவில்லை என்றால் பேச்சே தடுமாறிவிடும். அந்தமான் தீவுகளுக்குப் போன் செய்தவர்களுக்குப் பல வருடங்கள் இதுதான் நடந்தது. இணையத் தொலைபேசியில் என்னென்னவோ செட்டிங் மாற்றியும் அது சரியாகவில்லை. ஏன் என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் பூகோளம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்கோட்டில் சுமார் 1,370 கிலோமீட்டர். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். நான் சொல்வது பழைய கதை, பழைய பெயரே இருக்கட்டும்.) கப்பலில் போனால் கிட்டத்தட்ட மூன்று நாள். வங்காளி, தமிழர், தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று எல்லோரும் கலந்து வாழும் ஊர். 2011 கணக்கெடுப்பில் மொத்தத் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

1980-களில் தீவுகளின் தொலைபேசிப் பேச்சு செயற்கைக்கோள் வழியாகப் போக ஆரம்பித்தது. இந்த வகைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் மேலே போய்க் கீழே இறங்க 71,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஒளியின் வேகம் செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், கால் செகண்ட் வருகிறது. பக்கத்து ஊருக்குப் பேச நிலாவுக்குப் போகும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய் வர வேண்டும்! எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓட ஓடப் பேசியவர்களுக்கு அந்தக் கால் செகண்ட் ஞாபகம் இருக்கும்.

அடுத்து இன்டர்நெட் வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். இணையம் வழியாகப் பேச அரசாங்கம் அனுமதி கொடுத்தது 2002 ஏப்ரல் 1 முதல். அதிலும் கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், உள்நாட்டு போனுக்குப் பேசக்கூடாது என்று விதி. 2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. வெளிநாட்டில் இருந்த நாமெல்லாம் ஒரு கையில் காலிங் கார்டு, இன்னொரு கையில் ஹெட்போன் என்று அலைந்த காலம் அது. அந்த கார்டுகளில் பலவற்றுக்குப் பின்னாலும் ஓடியது இணையத் தொலைபேசிதான்.

இங்கேதான் கோடெக் வருகிறது. குரலை எண்களாக மாற்றிச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடியும் குரலாக விரிக்கும் கணக்குக்குப் பெயர் கோடெக். பழையது ஜி.711. 1972-ல் தரப்படுத்தப்பட்டது. செகண்டுக்கு 8,000 மாதிரி, ஒவ்வொன்றும் 8 பிட், ஆக 64 கிலோபிட். தரம் லேண்ட்லைன் மாதிரியே இருக்கும். 1996-ல் வந்த ஜி.729 அதே பேச்சை 8 கிலோபிட்டில் அடக்கியது. எட்டில் ஒரு பங்கு!

ஆனால் நிஜத்தில் எட்டில் ஒரு பங்கு ஆவதில்லை. குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கவரில் போட்டு அனுப்புகிறோம். முகவரி எழுதிய அந்தக் கவரின் எடை மட்டும் 40 பைட். ஜி.729-ல் உள்ளே இருக்கும் கடிதம் 20 பைட்தான். கடிதத்தைவிடக் கவர் கனம்! செகண்டுக்கு 50 கவர். கணக்குப் போட்டால் ஜி.729-க்கு 24 கிலோபிட், ஜி.711-க்கு 80 கிலோபிட். பெரும்பாலான டயல்-அப் மோடங்களில் மேலே அனுப்பும் வேகம் அதிகபட்சம் 33.6 கிலோபிட். அப்படியானால் எந்தக் கோடெக் என்பதை லைனே முடிவு செய்துவிட்டது.

கவர் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரே கவரில் 20-க்குப் பதில் 60 மில்லிசெகண்ட் பேச்சைப் போடலாம். 24 கிலோபிட் சுமார் 13 ஆகக் குறையும். ஆனால் பஸ் நிரம்பும்வரை டிரைவர் வண்டியை எடுக்காத மாதிரி, 60 மில்லிசெகண்ட் பேச்சு சேரும்வரை கவர் கிளம்பாது. பிட்டை மிச்சம் பிடித்தால் நேரம் செலவாகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

நடுவில் 2004 டிசம்பர் 26 வருகிறது. அன்று சுனாமி தாக்கியபோது தீவுகளின் தொலைபேசித் தொடர்பு பெரும்பாலும் அறுந்துபோனது. அப்போது போர்ட் பிளேரில், பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலிக்காரரின் தலைமையில் ஒரு சிறு குழு தற்செயலாக இருந்தது. அந்தமானிலிருந்து ஒலிபரப்ப அனுமதி வாங்கி, உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் பேசுவதற்காக அந்த மாதம்தான் போயிருந்தார்கள். பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகள் சில மணி நேரத்தில் தீவுகளின் உயிர்நாடி ஆயின. உறவினர்களைத் தேடும் செய்திகள் அந்தச் சிற்றலையில்தான் போய் வந்தன.

ஹாம் குரலுக்குச் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். கரகரவென்றுதான் கேட்கும். ஆனால் அது 36,000 கிலோமீட்டர் ஏறுவதில்லை, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிவிடும். தாமதம் காதுக்கே தெரியாது. இன்னொன்று, ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். முடித்ததும் "ஓவர்" சொல்ல வேண்டும். இந்த "ஓவர்" விஷயமும் பின்னால் வரும்.

2006 வாக்கில் நியூஜெர்சியில் என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குச் சொந்த ஊர் போர்ட் பிளேர். அவருடைய அம்மா வாரம் ஒருமுறை அபர்தீன் பஜார் பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்காருவார். நானும் நண்பரும் எக்ஸ்-லைட் என்ற இலவச சாஃப்ட்போனை வைத்துக்கொண்டு செட்டிங் செட்டிங்காக மாற்றிப் பார்ப்போம். வாய்ஸ் நெட்வொர்க்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் ஒரு ஆர்வம்.

இரண்டு சாஃப்ட்போன்கள் பேச ஆரம்பிக்கும்போது ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த கோடெக்குகளை வரிசையாகச் சொல்லும். இரண்டுக்கும் பொதுவானதில் ஒத்துப்போகும். கல்யாண வீட்டில் இரண்டு மாநிலத்துச் சம்பந்திகள் எந்த மொழியில் பேசுவது என்று முடிவு செய்கிற மாதிரி. ஜி.711-ஐப் பட்டியலிலிருந்தே தூக்கினோம். ஜி.729 இலவச சாஃப்ட்போன்களில் கிடையாது, அதற்கு அப்போது காப்புரிமைக் கட்டணம் உண்டு (2017-ல்தான் அது தீர்ந்தது). மிச்சம் ஸ்பீக்ஸும் ஐஎல்பிசியும். ஐஎல்பிசியில் ஒரு நல்ல குணம், ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்கும். ஒரு கவர் தொலைந்தால் அந்த ஒரு எழுத்துதான் போகும். மற்ற பல கோடெக்குகளில் முந்தைய துண்டை நம்பித்தான் அடுத்த துண்டு விரியும், ஒன்று தொலைந்தால் அடுத்தடுத்த எழுத்துகளும் குழறும். குரல் தெளிவானது. அம்மாவுக்குச் சந்தோஷம்.

அடுத்து, மௌனத்தை அனுப்பாமல் இருக்கும் செட்டிங். யாரும் பேசாதபோது எதற்குக் கவர் அனுப்ப வேண்டும் என்று பாதிச் செலவை மிச்சம் பிடிக்கும் யோசனை. புத்தகத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் செட்டிங்குக்கு "ம்" தெரியாது. மெல்லிய "ம்" அதற்கு வெறும் இரைச்சல், வெட்டித் தள்ளிவிடும். அம்மா பேசிக்கொண்டே இருப்பார், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் போகாது. "ஹலோ... இருக்கியாப்பா?" என்று நிறுத்திவிடுவார். அந்த டிக்கை எடுத்துவிட்டோம். "ம்" போக ஆரம்பித்தது.

போனது, ஆனால் நேரத்துக்குப் போகவில்லை. அந்தமான் இணைப்பின் நிஜமான பிரச்சினை அதுதான்.

சென்னை - போர்ட் பிளேர் கணக்கை மட்டும் பாருங்கள். செயற்கைக்கோள் 250 மில்லிசெகண்ட். கோடெக்கும் கவர் போடுவதும் 40. முன்பின்னாக வரும் கவர்களை வரிசைப்படுத்தக் காத்திருக்கும் ஜிட்டர் பஃபர் 60. ஒரு வழிக்கு 350. போய் வர 700. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் ஆரம்பிக்க மனிதர்கள் சராசரியாக எடுக்கும் நேரம் சுமார் 200 மில்லிசெகண்ட் என்று, 10 மொழிகளில் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் சொன்னது. அதையும் கூட்டினால் 900. ஒரு "ம்" திரும்பி வர ஏறக்குறைய ஒரு செகண்ட். அமெரிக்காவிலிருந்து பேசினால் கடல் கேபிளின் தாமதமும் சேர்ந்து ஒரு செகண்டைத் தாண்டிவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு வழிக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது.

ஒரு செகண்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். "அடுத்த மாசம் வர்றியா?" என்று அம்மா கேட்கிறார். மகன் உடனே "வர்றேம்மா" என்கிறான். ஆனால் அம்மா காதில் முதலில் விழுவது ஒரு செகண்ட் மௌனம். நேரில் யாராவது அவ்வளவு யோசித்தால் அர்த்தம் என்ன? வரப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த மௌனத்தை மகன் போடவில்லை, லைன் போட்டது. அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நண்பர் ஒருமுறை சொன்னார், "நான் தயங்குறேன்னு அம்மா நினைச்சுக்கிறாங்க."

இதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது. 64 கிலோபிட்டை 8 ஆக்கலாம், கவரைப் பெரிதாக்கலாம், தொலைந்த துண்டை ஒப்பேற்றலாம். 71,000 கிலோமீட்டரைச் சுருக்க முடியாது. மேலே சொன்ன 60 மில்லிசெகண்ட் கவர் மாதிரி, பிட்டை மிச்சம் பிடிக்கும் சில வேலைகள் தாமதத்தை இன்னும் கூட்டவே செய்யும். கடைசியில் வழி கண்டுபிடித்தது அந்த அம்மாதான். தான் பேசி முடித்ததும் "சொல்லிட்டேன், இப்ப நீ சொல்லு" என்பார். நண்பரும் அப்படியே. ஹாம்காரர்களின் "ஓவர்" என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார், அதைத் தமிழில் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டார்.

தீர்வு கடலடியில் இருந்தது. தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் வேண்டும் என்று 2014-ல் டிராய் பரிந்துரைத்தது. 2018 டிசம்பர் 30-ல் போர்ட் பிளேரில் அடிக்கல். 2020 ஆகஸ்ட் 10-ல் பிரதமர் காணொளி வழியாகத் தொடங்கிவைத்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து சுவராஜ் தீப் (பழைய ஹேவ்லாக்), லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் சேர்த்துச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய், பணம் எல்லோருடைய போன் பில்லிலிருந்தும் ஒரு பங்கு சேரும் பொதுச் சேவை நிதியிலிருந்து. அதற்கு முன் தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்த செயற்கைக்கோள் கொள்ளளவு ஒற்றை இலக்க ஜிகாபிட். கேபிளில் சென்னை - போர்ட் பிளேர் நடுவே மட்டும் 200 ஜிகாபிட்டாக இரண்டு.

செய்தித்தாள்கள் இந்த வேகத்தைத்தான் தலைப்பாகப் போட்டன. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு எண். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் கொஞ்சம் சுற்றிப் போனாலும் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு 10 மில்லிசெகண்டைச் சுற்றித்தான் ஆகும். 250 போய் 10!

கோடெக்கும் இதற்குள் மாறிவிட்டது. 2012 செப்டம்பரில் தரப்படுத்தப்பட்ட ஓபஸ், லைனுக்கு ஏற்றபடி 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். உரிமக் கட்டணமும் இல்லை. வாட்ஸ்ஆப்பில் பேசும்போது பல வருடங்கள் ஓடியது அதுதான். செட்டிங் பக்கத்தைத் திறந்து பட்டியலில் மேலும் கீழும் இழுக்கும் வேலை நமக்கு இல்லாமல் போயிற்று. ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்களை 1970-களில் நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று. 2020-ல் கேபிள் கரையேறிய இடங்களின் பட்டியலில் பக்கத்துக் கமோர்ட்டா இருக்கிறது, கட்சால் இல்லை. இரண்டு முறை கடல் தாண்டிய குடும்பங்களுக்குக் கேபிள் ஒரு தீவு தள்ளி நின்றுவிட்டது.

உங்கள் வீட்டிலும் யாராவது கப்பலிலோ, செயற்கைக்கோள் இணைப்பு மட்டும் உள்ள இடத்திலோ வேலை பார்க்கலாம். 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புது வகைச் செயற்கைக்கோள் என்றால் கவலையில்லை. பழைய வகை என்றால், கேள்வி கேட்டுவிட்டு ஒரு செகண்ட் கூடுதலாகப் பொறுங்கள். அந்த மௌனத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம். பதில் வந்துகொண்டிருக்கிறது.